ஆட்டுப்பட்டியிலிருந்து கறிக்கடைக்கு: எந்தச் செலவுக்கு எந்தக் கடன்?

(தொழில் பாடம் – குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுவதற்கு)



இந்த மாதப் பாடம் ஆடு வளர்க்கும் உறுப்பினர்களுக்கானது. சங்கக் கடனில் இரண்டு குட்டி வாங்கி ஆரம்பித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் நான்கு ஆடு கிடைத்து, அதைப் பத்தாக்கி இருபதாக்கியவர்களும் உண்டு. பட்டி பெருகியதும் அடுத்த ஆசை வருவது இயற்கை. "யாவாரி வந்து கண்ணால பார்த்து விலை சொல்லிட்டுப் போறான். நாமளே வெட்டி, நாமளே கறியா வித்தா அந்த லாபம் நமக்குத்தானே?" என்று கேட்கிறோம்.

நல்ல கேள்விதான். ஆனால் பட்டியிலிருந்து கடைக்குப் போகும் இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. ஆட்டின் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்பவர்கள் அவர்கள். வாரக்கடனை வாங்கிக் கொட்டகை போடுவதும், கடை சாமான் வாங்கிய கடனை ஒரு வருடத்தில் கட்டப் பார்ப்பதும்தான் அவர்களைக் கவிழ்க்கின்றன. கடைசியில் தாயாட்டை விற்றுத் தவணை கட்டுகிறார்கள். தாயாடு போனால் பட்டியே போன மாதிரி. எந்தச் செலவுக்கு எந்தக் கடன் என்பதை இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. வெட்டி விற்றால் எவ்வளவு மிஞ்சும்?

கீழே உள்ள விலைகள் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் பாருங்கள்.

18 கிலோ உயிர் எடையுள்ள ஒரு கிடாக் குட்டி. சந்தையில் உயிரோடு விற்றால் 6,500 ரூபாய் என்று வைப்போம். வெட்டினால் 18 கிலோவும் கறியாகாது. உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி தேறும். 8½ கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறி 8½ கிலோ, கிலோ 800 ரூபாய்: 6,800
தலை, கால், ஈரல், குடல், தோல்: 1,000
மொத்த வரவு: 7,800
வெட்டுக்கூலி, ஆடறிமனைக் கட்டணம், வண்டி, ஐஸ், கவர்: 600
மீதி: 7,200

உயிரோடு விற்பதைவிட ஓர் ஆட்டுக்கு 700 ரூபாய் கூடுதல். அவ்வளவுதான். "என்னங்க, ஆயிரக்கணக்கில் வரும்னு நெனச்சோமே?" என்று தோன்றும். கறிக்கடை லாபம் ஓர் ஆட்டில் இல்லை. எத்தனை ஆடு ஓடுகிறது, பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதில்தான் இருக்கிறது. தலையும் காலும் குடலும் தரும் 1,000 ரூபாயைக் கவனியுங்கள். அது விற்காமல் போனால் லாபமே நஷ்டமாகிவிடும்.

வாரம் 6 ஆடு வெட்டுகிறோம் என்று வைப்போம். வாரத்துக்கு 4,200 ரூபாய், நான்கு வாரத்துக்கு 16,800 ரூபாய். இதில் கடை வாடகை 3,000, கரண்ட் 2,000. விற்பனை நாளில் இரண்டு பேருக்குக் கூலி, நாளொன்றுக்கு 400 வீதம் எட்டு நாளுக்கு 6,400. ஆக 11,400 போனால் மிஞ்சுவது 5,400.

நம் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். "வீட்டு ஆள்தானே, கூலி எதுக்கு?" என்று விட்டால் லாபம் பெரிதாகத் தெரியும். அந்தப் பொய் லாபத்தை நம்பிக் கடன் வாங்கினால் பாடுபட்ட நம் உடம்புதான் தவணை கட்டும்.

2. ஒரு கடைக்கு எத்தனை பட்டி வேண்டும்?

வாரம் 6 ஆடு என்றால் வருடத்துக்கு 300 ஆடு. 20 தாயாடு வைத்திருக்கும் ஒரு சகோதரிக்கு வருடத்துக்கு 30 குட்டி தேறினால், அதில் ஐந்து பெட்டைக் குட்டியைப் பட்டியில் நிறுத்திக்கொண்டு 25-ஐ விற்கலாம். அப்படியானால் 300 ஆட்டுக்கு இதுபோல 12 பட்டி வேண்டும். அது ஒரு குழு!

ஆகவே ஒருத்தி மட்டும் ஆடும் வளர்த்து, கடையும் வைத்து, முழுக்கடனையும் தன் தலையில் போட்டுக்கொள்வது கணக்குக்கு ஒத்துவராது. ஒரு குழு ஆடு தர, அதில் இரண்டு மூன்று பேர் கடை நடத்த, கணக்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கடைக்கு ஆடு தட்டுப்பாடு வராது.

3. நிற்கும் பணமும் ஓடும் பணமும்

தொழிலில் போடும் பணம் இரண்டு வகை.

நிற்கும் பணம்: கொட்டகை, தாயாடு, கிடா, தராசு, எஃகு மேசை, உறைபெட்டி, தண்ணீர்த் தொட்டி, சுவருக்கு ஓடு பதிப்பது. போட்டால் பல வருடம் உழைக்கும். உடனே காசாகத் திரும்பாது. வங்கியில் இதை நிலையான முதலீடு என்பார்கள்.

ஓடும் பணம்: விற்பனைக்கு வாங்கும் ஆடு, தீவனம், மருந்து, ஐஸ், கூலி. சனிக்கிழமை போட்டால் திங்கட்கிழமை திரும்ப வேண்டும். இதன் பெயர் நடைமுறை மூலதனம்.

இன்றைய பாடத்தின் மூல விதி இதுதான்: நிற்கும் பணத்துக்கு நீண்ட காலக் கடன், ஓடும் பணத்துக்குச் சுழலும் கடன். உறைபெட்டி வாங்க ஆறு மாதக் கடன் வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் உறைபெட்டி தன் விலையைச் சம்பாதிக்காது. தீவனம் வாங்க ஐந்து வருடக் கடனும் வாங்காதீர்கள். தீவனம் தீர்ந்து நாலு வருடம் ஆன பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

4. குட்டி பிறக்கும் முன்பே தவணை வந்தால்?

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், ஏறக்குறைய 150 நாள். குட்டி பிறந்து விற்கும் எடைக்கு வர இன்னும் எட்டு ஒன்பது மாதம். இன்று சினைக்கு விடும் ஆட்டிலிருந்து முதல் காசு வர 13, 14 மாதம் ஆகும். இது இயற்கையின் கணக்கு, எந்த வங்கி மேலாளராலும் மாற்ற முடியாது.

அடுத்த வாரமே தவணை தொடங்கும் வாரக்கடனை வாங்கிப் பெட்டை ஆடு வாங்கினால் அந்த 13 மாதம் எதிலிருந்து கட்டுவது? கூலி வேலையிலிருந்து கட்டலாம். அது இல்லாதபோது இன்னொரு வாரக்கடன். அதுவும் கிடைக்காதபோது சினையாட்டையே சந்தைக்குக் கொண்டுபோவது. இப்படித்தான் பட்டி கரைகிறது.

ஆட்டுக் கடன் கேட்கும்போது வங்கியில் தைரியமாகக் கேளுங்கள்: "சார், ஈனி வளர்ந்து வித்தாத்தான் எங்களுக்குக் காசு. முதல் வருஷம் வட்டி மட்டும் கட்டுறோம். அசல் தவணைக்கு அவகாசம் குடுங்க." இது கெஞ்சல் இல்லை. முதலீட்டுக் கடனில் இப்படி அவகாசம் தருவது வழக்கம்தான். கேட்டவருக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

வாங்கும்போது எல்லாமே பெட்டைக் குட்டியாக வாங்காமல், சினையாடு சிலவும், மூன்று நான்கு மாதத்தில் விற்கக்கூடிய கிடாக் குட்டி சிலவும் கலந்து வாங்குவது நல்லது. நடுவில் கொஞ்சம் காசு வரும்.

5. எவ்வளவு கடன் தாங்கும்?

கடைச் சாமான்களுக்கு 1,50,000 ரூபாய் கடன். வட்டி 12 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டி என்று வைப்போம்.

24 மாதத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 7,060 ரூபாய்.
36 மாதத்தில் கட்டினால் மாதம் 4,980 ரூபாய்.
60 மாதத்தில் கட்டினால் மாதம் 3,340 ரூபாய்.

நமக்கு மிஞ்சுவது 5,400. இரண்டு வருடக் கடன் முதல் மாதமே நம்மைக் கீழே தள்ளும். மூன்று வருடக் கடன் கழுத்து வரைக்கும் வரும். ஒரு ஞாயிறு மழை பெய்து விற்பனை படுத்தாலும் தவணை தவறும். ஐந்து வருடக் கடனில் தவணை போக 2,000 ரூபாய் கையில் நிற்கும். மொத்த வட்டி கூடத்தான் செய்யும். மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 29,400, ஐந்து வருடத்துக்கு 50,200. ஆனாலும் தவணை தவறாமல் இருப்பதற்குத் தரும் விலை அது. நல்ல மாதங்களில் கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே முடிக்கலாமா, அதற்குத் தண்டக் கட்டணம் உண்டா என்று கையெழுத்துப் போடும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். "12 சதவீதம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது குறையும் நிலுவைக்கா, முழு அசலுக்குமா? முழு அசலுக்கும் மூன்று வருடம் 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 54,000 ரூபாய். பேச்சில் அதே 12 சதவீதம், கையிலிருந்து போவது ஏறக்குறைய இரட்டிப்பு.

சுருக்கமான விதி: எல்லாச் செலவும் கூலியும் போக மிஞ்சுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது. பாதியோடு நின்றால் இன்னும் நல்லது.

6. ஓட்டல் நோட்டில் தூங்கும் பணம்

வாரம் 6 ஆடு வாங்க 39,000 ரூபாய் வேண்டும். ரொக்கத்துக்கு விற்றால் அதே 39,000 ஒவ்வொரு வாரமும் திரும்பி வந்து அடுத்த ஆட்டை வாங்கும். ஓடும் பணம் என்பது இதுதான்.

இப்போது பக்கத்து டவுன் ஓட்டல்காரர் வருகிறார். "வாரா வாரம் பாதிக் கறி நானே எடுத்துக்கிறேன். மூணு வாரம் கழிச்சுக் கணக்கு முடிக்கிறேன்" என்கிறார். நல்ல பார்ட்டி கிடைத்தது என்று சந்தோஷப்படுவோம். கணக்கைப் பாருங்கள். வார விற்பனை 46,800. அதில் பாதி 23,400. மூன்று வாரத்துக்கு 70,200 ரூபாய் அவருடைய நோட்டில் நிற்கும். மாதம் 5,400 மிஞ்சும் கடைக்கு அது 13 மாத லாபம். வியாபாரம் கூடியிருக்கும், லாபமும் தாளில் இருக்கும். சனிக்கிழமை ஆடு வாங்க மட்டும் கையில் காசு இருக்காது. அப்போதுதான் மீட்டர் வட்டிக்காரர் நினைவுக்கு வருவார்.

ஓட்டலுக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வாரப் பற்றுக்கு மேல் வேண்டாம். பழைய பாக்கி வந்த பிறகே அடுத்த கறி. பற்று நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரர் என்றாலும் இதேதான். "அண்ணே, கடை என்னுது இல்ல, குழுவுது" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓடும் பணத்தைக் குறைக்க நம்மிடமே ஒரு வழி உண்டு. ஆடு தரும் உறுப்பினருக்குக் கொடுக்கும்போது பாதி, விற்ற பின் செவ்வாய்க்கிழமை மீதி என்று தீர்மானம் போடலாம். வாரம் 39,000 தேவைப்பட்ட இடத்தில் 19,500 போதும். அதற்கு வட்டியும் இல்லை. ஆனால் ஆட்டை எடை போட்டு வாங்க வேண்டும், அன்றே சீட்டு எழுதித் தர வேண்டும், செவ்வாய் என்றால் செவ்வாயே பணம் தர வேண்டும். இரண்டு வாரம் தவறினால் மூன்றாம் வாரம் ஆடு வியாபாரியிடம் போய்விடும். தப்பும் அவர்கள் மேல் இல்லை.

7. எங்கே என்ன கடன் கேட்கலாம்?

குழுவின் உள்கடன், சுழல்நிதி: சின்ன ஓடும் பணத்துக்கு. தீவனம், மருந்து, ஒரு வார ஆடு வாங்குவது ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

வங்கி இணைப்புக் கடன்: 1992-ல் நபார்டு 500 குழுக்களோடு தொடங்கிய சோதனைத் திட்டம் இன்று நாடு முழுவதும் வேரூன்றியிருக்கிறது. 10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று இருந்த ரிசர்வ் வங்கி விதியில், தேசிய ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கு அந்த வரம்பு 2021-ல் 20 லட்சமாக உயர்ந்தது. கடன் வரம்பு குழுவின் சேமிப்பையும் கணக்கு ஒழுங்கையும் பார்த்தே வரும். ரொக்கப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும்தான் நம் அடமானம்.

கிசான் கடன் அட்டை: நெல் கரும்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2018-19 மத்திய பட்ஜெட்டில் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனம், மருந்து, பராமரிப்பு போன்ற ஓடும் செலவுக்கு இது ஏற்றது. 2025 ஜனவரி 1 முதல் அடமானம் இல்லாத வரம்பு 2 லட்சம் ரூபாய். 7 சதவீத வட்டியில், தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறையும்படி திட்டம் அமைக்கப்பட்டது. தவணை தவறினால் அந்தச் சலுகை போய்விடும்.

முத்ரா கடன்: 2015-ல் தொடங்கியது. 50,000 வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிசோர்', 10 லட்சம் வரை 'தருண்'. கடைச் சாமானுக்கும் உறைபெட்டிக்கும் தனிநபராகக் கேட்கலாம்.

குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டம்: 2020-ல் தொடங்கி 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. இயந்திரம், கட்டட முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். நம் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம். உணவு பதப்படுத்தும் குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வீதம் தொடக்க மூலதனம் கூட்டமைப்பு வழியாகக் கடனாகத் தரவும் இதில் வழி வைத்தார்கள்.

தேசிய கால்நடை இயக்கம்: திருத்தப்பட்ட விதிப்படி 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 50 சதவீதம், 10 லட்சம் வரை மானியம். தனியாளுக்கு இது பெரிய அளவு. குழுவாகச் சேர்ந்தால் எட்டிப் பார்க்கலாம். நிலம் வாங்கவும் ஓடும் செலவுக்கும் இதில் பணம் கிடையாது.

ஓர் எச்சரிக்கை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், வெட்டிய இறைச்சியைப் பதப்படுத்தும் தொழிலை விலக்குப் பட்டியலில் வைத்திருந்தார்கள். விண்ணப்பத்துக்கு அலைந்து செலவழிக்கும்முன் மாவட்டத் தொழில் மையத்தில் இதைக் கேட்டுவிடுங்கள். எந்தத் திட்டமானாலும் 'இப்போது விண்ணப்பம் வாங்குகிறீர்களா, விதி மாறியிருக்கிறதா' என்பதுதான் முதல் கேள்வி.

8. மானியத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

"மானியம் 35 சதவீதம், அதனால நமக்கு 65 சதவீதம்தான் கடன்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலே சொன்ன உணவு பதப்படுத்தும் திட்டத்தில் மானியம் கைக்கு வராது. வங்கியில் தனிக்கணக்கில் நிற்கும். மூன்று வருடம் தொழிலும் நடந்து, தவணையும் ஒழுங்காக இருந்தால் அது கடனில் கழிக்கப்படும். கால்நடை இயக்கத்திலும் மானியம் இரண்டு தவணை. வங்கி கடனை விடுவித்து, வேலை நடப்பதைப் பார்வையிட்ட பிறகே முதல் தவணை வரும்.

ஆகவே மானியம் வராவிட்டாலும் இந்தத் தொழில் தவணை கட்டுமா என்று பாருங்கள். கட்டும் என்றால் இறங்குங்கள். மானியம் வந்தால்தான் கட்டும் என்றால் அந்தத் தொழில் இன்னும் தயாராகவில்லை. "மானியம் வாங்கித் தர்றேன், பத்தாயிரம் குடுங்க" என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். உதயம் பதிவு இலவசம். அதற்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

9. மற்ற ஊர்ப் பெண்கள் எப்படிச் செய்தார்கள்?

மத்தியப் பிரதேசத்தில் கெஸ்லா என்ற வட்டாரத்தில், பழங்குடிப் பெண்கள் 'பிரதான்' தொண்டு நிறுவனத்தின் துணையோடு 1980-களின் கடைசியில் கறிக்கோழி வளர்ப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியும் வீட்டுப் பக்கத்தில் சில நூறு கோழி வளர்த்தாள். பின்பு கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். குஞ்சு, தீவனம், மருந்து, விற்பனை எல்லாம் கூட்டுறவின் பொறுப்பு. வளர்ப்பவருக்கு வளர்ப்புக் கூலி. சந்தையில் கோழி விலை விழுந்தால் அந்த அடி ஒரு பெண்ணின் தலையில் விழாமல் கூட்டுறவு தாங்கியது.

கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் 'கேரள சிக்கன்' திட்டத்தில் இதே வழியில் போகிறார்கள். அவர்களுடைய நிறுவனம் குஞ்சும் தீவனமும் தந்து, வளர்ந்த கோழியைத் திரும்ப எடுத்து, உறுப்பினர்களே நடத்தும் கடைகளில் விற்கிறது.

இரண்டிலும் நாம் கற்க வேண்டியது ஒன்று. ஓடும் பணத்தையும் விலை ஆபத்தையும் கூட்டாகச் சுமந்தார்கள். வளர்க்கும் வேலையை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள்.

10. புரட்டாசி உண்டியல்

நம் ஊரில் கறி விற்பனைக்கு ஏறுமாதமும் உண்டு, இறங்குமாதமும் உண்டு. ஆடியில் அம்மன் கோயில் கிடாவெட்டு, பக்ரீத், தீபாவளி என்றால் ஆடே கிடைக்காது. புரட்டாசி வந்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டும். கார்த்திகையில் மாலை போடுபவர்கள் அதிகமானால் மறுபடி இறங்கும். ஆனால் வங்கித் தவணை புரட்டாசிக்கும் விரதம் இருக்காது.

அதனால் நல்ல மாதங்களில் ஓர் ஆட்டுக்கு 50 ரூபாய் எடுத்துத் தனிக்கணக்கில் போடுங்கள். 300 ஆட்டுக்கு 15,000 ரூபாய். மேலே சொன்ன 3,340 ரூபாய்த் தவணையில் நான்கு மாதத் தவணை அதில் அடங்கும். அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தொடக் கூடாது.

பட்டிக்குப் பாதுகாப்பு இரண்டு: தடுப்பூசி, காப்பீடு. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய காலத்தில் ஊசி போடுங்கள். கடனில் வாங்கிய ஆட்டைக் காப்பீடு செய்யாமல் ஒரு நாளும் வைக்க வேண்டாம். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-ல் செய்த மாற்றத்தின்படி பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 சதவீதமாகக் குறைந்தது. காது வில்லை தொலைந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். வில்லை இல்லாத ஆடு செத்தால் பணம் கிடைப்பது கடினம்.

கடைக்கும் சில காவல் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ, உள்ளாட்சி அனுமதியோ இல்லாமல் கடையைத் திறந்து, பின்பு மூட நேர்ந்தால் தவணை மட்டும் ஓடும். அங்கீகாரம் பெற்ற ஆடறிமனையில்தான் வெட்ட வேண்டும். சினையாட்டையும், மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியையும் வெட்டுவது 2001-ஆம் ஆண்டு ஆடறிமனை விதிப்படி தடை. விற்காத கறியை 4 டிகிரிக்கும் கீழே வையுங்கள். உறைய வைப்பதென்றால் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்காமல் உறைபெட்டி வாங்காதீர்கள்.

உப்புக்கண்டம், ஆட்டுக்கறி ஊறுகாய் என்று அடுத்த படிக்குப் போக விரும்புபவர்கள் முதலில் பயிற்சி எடுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பத்து பாட்டில் செய்து, விற்று, மறுபடி கேட்கிறார்களா என்று பார்த்த பிறகு இயந்திரத்துக்குக் கடன் கேட்கலாம்.

11. குழுவின் பொறுப்பு

ஒருவர் கடைக்காகக் குழுப் பெயரில் கடன் எடுத்தால் அத்தனை பேரும் ஜாமீன். அவர் தவணை நின்றால், மகள் படிப்புக்காக அடுத்த கடனுக்குக் காத்திருக்கும் இன்னொரு சகோதரிக்கும் வங்கிக் கதவு மூடும். அதனால் முகத்துக்காகச் சம்மதிக்காதீர்கள். திட்டக் கணக்கைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். கடனைப் படிப்படியாகக் கொடுங்கள். முதலில் தராசும் மேசையும், வாரம் இரண்டு ஆடும். ஆறு மாதக் கணக்கு சரியாக இருந்தால் உறைபெட்டி. அதுவும் ஓடினால் அடுத்தது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில் கல்லாவும் நோட்டும் இருக்க வேண்டும். கடன் அக்கா பெயரில், கல்லா வேறொருவர் சட்டைப் பையில் என்றால் அதைக் குழு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் 18 கிலோ கிடா உயிரோடு என்ன விலை? கறியாக விற்றால் எவ்வளவு மிஞ்சும்?
2. நம் குழுவில் மொத்தம் எத்தனை தாயாடு உள்ளது? மாதம் எத்தனை ஆடு தர முடியும்?
3. இப்போது இருக்கும் கடன்களில் நிற்கும் பணத்துக்கு வாங்கிய குறுகிய காலக் கடன் எவை?
4. யார் யாரிடம் எவ்வளவு பற்று நிற்கிறது? எத்தனை நாளாக?
5. புரட்டாசி வருவதற்குள் எவ்வளவு சேர்க்க முடியும்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டு, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கடன் விண்ணப்பம் எழுதும்முன் அந்தக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.